இந்த ஆட்டத்தில் நாம் யார்?

விளையாட்டு வினையாகும் என்பது நம் முன்னோர் வாக்கு. விளையாட்டு சில வேளைகளில் விளக்காவதும் உண்டு என்பதை நாம் சென்ற ஆண்டுப் பள்ளி விடுமுறையில் அறிந்தோம். மேடைப் பேச்சுகளும் பாட நூல்களும் இத்தனை ஆண்டுகளாக நமக்குத் தெளிவாக்காத ஒரு செய்தியைப் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் கணினியில் ஆடிய ஆட்டம் ஒரே மாலையில் தெளிவாக்கிற்று. அச்சிறுவன் நம் மகள் வயிற்றுப் பேரன். அவனிடம் கற்ற பாடத்தை வாசக நேயர்களுக்குச் சொல்லாமல் இருக்க நமக்கு மனம் வரவில்லை.

நாம் குடியிருப்பது பிரிக்பீல்ட்ஸில். சன்னலைத் திறந்தால் சென்ட்ரல் நிலையத்துக்குள் நுழையும் ரயிலின் ஓசை கேட்கும். இவ்வூரின் பெயரே இதன் பிறப்பைச் சொல்லும். 1881-இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்த பின்னர், அத்தாப்புக் கூரைகளை ஒழித்துச் செங்கல்லாலும் ஓட்டாலும் வீடு கட்ட வேண்டும் என்று அரசினர் விதித்தனர். அச்செங்கல்லுக்கு மண் கொடுத்த களம் இவ்வூர். 1886-இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் ரயில் ஓடத் தொடங்கிற்று. அதன் பின் யாழ்ப்பாணத்திலிருந்து கணக்கர்களும் ஸ்டேஷன் மாஸ்டர்களும், தமிழ்நாட்டிலிருந்து தண்டவாளம் போடும் கூலிகளும் வந்து சேர்ந்தனர். அவர்களுக்காக எழுந்த நூறு குவார்ட்டர்ஸ் இன்று இடிக்கப்பட்டுவிட்டது. பழைய ரயில்வே முற்றத்தின்மேல் 2001-இல் சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது. எங்கோ ஓர் அறையில் ஒருவர் நிலப்படத்தைப் பார்த்து, இங்கே செங்கல், இங்கே தண்டவாளம், இங்கே இத்தனை ஆட்கள் என்று முடிவு செய்ததால் உண்டான ஊர் இது. இதனை நாம் முன்னமே அறிவோம். ஆனால் அந்த அறைக்குள் உட்கார்ந்திருந்தவரின் கண்ணால் இதைப் பார்த்ததில்லை. பேரனின் கணினி நம்மை அந்த நாற்காலியில் உட்கார வைத்தது.

அவன் ஆடியது 'ஸ்டெல்லாரிஸ்' என்னும் ஆட்டம். சுவீடன் நாட்டுப் பாரடாக்ஸ் நிறுவனத்தார் 2016-இல் வெளியிட்டது. ஆடுபவன் ஒரு கிரகத்தை ஆளும் அரசாகத் தொடங்குகிறான். பிறகு வானவெளியில் மற்றக் கிரகங்களைத் தேடி, அவற்றில் ஆட்களைக் குடியேற்றி, விளைச்சலும் கனிமமும் எடுத்துத் தன் ஆட்சியை விரிக்க வேண்டும். இவ்வகை ஆட்டம் புதிதன்று. 1983-இல் ஆஸ்திரேலியரிடமிருந்து 'ரீச் ஃபார் தி ஸ்டார்ஸ்' வந்தது. பத்தாண்டு கழித்து 1993-இல் 'மாஸ்டர் ஆஃப் ஓரியன்' வந்தபோது, ஆலன் எம்ரிக் என்ற எழுத்தாளர் இவ்வினத்துக்கு 'நான்கு எக்ஸ்' என்று பெயர் சூட்டினார். 'எக்ஸ்' என்ற ஒலியில் தொடங்கும் நான்கு ஆங்கிலச் சொற்களின் சுருக்கம் அது. தமிழில் சொன்னால் துருவுதல், விரிதல், சுரண்டல், ஒழித்தல். ஆட்டக்காரர் சொல் நேர்மையானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். குடியேற்ற நாட்டு அதிகாரிகள் தம் அறிக்கைகளில் 'வளர்ச்சி' என்றும் 'அபிவிருத்தி' என்றும் எழுதிவைத்ததை இவர்கள் சுரண்டல் என்றே எழுதிவிட்டார்கள்.

புதுக் கிரகம் ஒன்றில் ஆள் குடியேற வேண்டுமானால் முதலில் குடியேற்றக் கப்பல் ஒன்று கட்டவேண்டும். அதற்கு உலோகமும் உணவும் அன்றாடச் சரக்குகளும் விலை. கப்பல் கிரகத்தை அடைந்தவுடன் காணாமற் போய்விடுகிறது. "கப்பல் எங்கே போயிற்று?" என்று கேட்டோம்.

"அதைப் பிரித்துத்தான் முதல் வீடு கட்டுகிறார்கள், தாத்தா. அது திரும்பி வராது" என்றான் பேரன்.

அவன் காட்டிய கட்டடத்தின் பெயரும் அவ்வாறே இருந்தது. கப்பலைப் பிரித்து அமைத்த புகலிடம் என்று பொருள். 'மாஸ்டர் ஆஃப் ஓரியன்' ஆட்டத்திலும் இதே விதிதான். போன கப்பல் போனதுதான். அங்கே இறங்கியவர் திரும்பி வர விரும்பினாரா என்று எந்த ஆட்டமும் கேட்பதில்லை.

நம் தாயாரைப் பெற்ற பாட்டனார் 1926-இல் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினார். மூன்று ஆண்டு உழைத்து, அடமானத்திலிருந்த காணி நிலத்தை மீட்டுக்கொண்டு திரும்புவது அவர் எண்ணம். அவரை அழைத்து வந்தவர் தோட்டத்துக் கங்காணி. ஒப்பந்தக் கூலிமுறை 1910-இலேயே நிறுத்தப்பட்டிருந்தது. பாட்டனார் காலத்தில் கப்பல் கட்டணம் 1907-இல் ஏற்பட்ட குடிபெயர்வு நிதியிலிருந்து கொடுக்கப்பட்டது. தோட்ட முதலாளிகள் தம்மிடம் வேலை செய்யும் ஆட்கணக்குக்கு ஏற்ப அந்நிதிக்குப் பணம் கட்டினார்கள். ஆகவே கூலிக்குக் கடன் இல்லை. வந்தவர் 'சுதந்திர' ஆள் என்று சொல்லப்பட்டது. ஆயினும் கிள்ளானுக்குத் தெற்கே ஒரு கித்தாத் தோட்டத்து லயத்தில் இறங்கிய பாட்டனார் தம் ஊரை மறுபடி பார்க்கவேயில்லை. கப்பலைப் பிரித்து வீடு கட்டியதைத் திரையில் கண்டபோது நமக்கு அவருடைய தகரப் பெட்டி நினைவுக்கு வந்தது. ஊரிலிருந்து துணி வைத்துக் கொண்டுவந்த பெட்டி அது. லயத்தில் அரிசிப் பெட்டியாகவும், நம் தாயார் சிறுமியாக இருந்த காலத்தில் இருக்கையாகவும் ஆயிற்று.

ஆட்டத்தில் ஒவ்வொரு கிரகத்துக்கும் வாழ்தகுதி என்று நூற்றுக்கு இவ்வளவு என ஓர் எண் உண்டு. பாலைநிலக் கிரகம், உறைபனிக் கிரகம், மழைக்காட்டுக் கிரகம் எனப் பல வகை. தன் பிறப்பிடத்தின் தட்பவெப்பத்துக்கு மாறான கிரகத்தில் குடியேறியவர் அதிகம் தின்று குறைவாக விளைவிப்பர். நிலத்திலும் தடைகள் உண்டு. அடர்ந்த காடு, நச்சுச் சதுப்பு, கொடிய விலங்கு என்று படம் போட்டிருக்கும். விலையைக் கொடுத்து அதன்மேல் அமுக்கினால் ஒரு கோடு மெல்ல நிரம்பும். நிரம்பியவுடன் காடு மறைந்து நிலம் திருந்திவிடும். பேரன் ஒரே மாலையில் மூன்று சதுப்பு நிலங்களைத் திருத்தினான். ஓர் ஆளும் குறையவில்லை.

கிள்ளான் வட்டாரத்தில் நச்சுச் சதுப்பு எப்படித் திருந்திற்று என்பது எழுதி வைக்கப்பட்டுள்ள வரலாறு. 1901-இல் போர்ட் ஸ்வெட்டன்ஹாம் துறைமுகத்தைத் திறந்தார்கள். இன்றைய போர்ட் கிள்ளான் அதுவே. திறந்த சில வாரங்களுக்குள் அங்கே வேலை செய்தவர்கள் மலேரியாவில் விழுந்தார்கள். துறைமுகத்தையே மூடும் நிலை வந்தது. அவ்வாண்டு கிள்ளானுக்கு வந்த மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் சதுப்பில் வாய்க்கால் வெட்டி நீரை வடியச் செய்து, புதரை அழித்து, கொசுவை ஒழித்து அந்நோயைத் தணித்தார். அவர் புகழுக்குரியவரே. ஆயினும் மண்வெட்டி பிடித்தவர் எவர்? காய்ச்சல் தணிவதற்கு முன் குழியில் இறங்கியவர் எவர்? கிள்ளானைச் சுற்றிய தோட்டங்களில் காடு அழித்த முதல் தலைமுறைக்குக் கல்லறை அடையாளம்கூடக் கிடையாது. ஆட்டத்தில் ஒரு கோடு நிரம்புவதற்குப் பிடித்த நேரத்தில், இங்கே லயங்கள் காலியாகி மீண்டும் நிரம்பின. ஆட்டத்தின் முதல் பொய் இது என்று நாம் கருதுகிறோம். குடியேற்றத்தின் விலையைப் பொருளில் மட்டும் எழுதி, உயிரில் எழுதாமல் விட்டுவிடுகிறது.

குடியேறிய பிறகு ஆட்கள் எண்ணிக்கையாகிறார்கள். 1996-இல் வந்த இரண்டாம் 'மாஸ்டர் ஆஃப் ஓரியன்' ஆட்டத்தில் ஒவ்வொரு கிரகத்திலும் சிறு மனித உருவங்கள் மூன்று வரிசையாக நிற்கும். மேல்வரிசை உழவர், அடுத்தது தொழிலாளர், கடைசி விஞ்ஞானியர். ஓர் உருவத்தைப் பிடித்து வேறு வரிசையில் விட்டால் உழவன் அந்நொடியே விஞ்ஞானியாவான். வேறு கிரகத்துக்கு அனுப்பச் சரக்குக் கப்பல் இருந்தால் போதும். 'ஸ்டெல்லாரிஸ்' ஆட்டத்திலும் ஆளைப் பெயர்த்து வைக்க விலை ஒன்று உண்டு, கேள்வி இல்லை.

இதனைப் பார்த்தபோது நமக்குச் செக்ரோல் புத்தகம் நினைவுக்கு வந்தது. விடியுமுன் பிரட்டுக் களத்தில் ஆட்களை நிறுத்தி, கிராணியார் பெயர் கூப்பிடுவார். வந்தவருக்குக் கோடு, வராதவருக்குச் சுழி. வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குத் தலைக்காசு. 1920களின் பிற்பகுதியில் முக்கிய வட்டாரங்களில் வகுக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930-இல் கித்தா விலை விழுந்தபோது கூலி குறைந்தது. பல்லாயிரம் பேர் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். விலை ஏறியபின் மறுபடி வரவழைக்கப்பட்டனர். 1938-இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை இது நடந்தது. திரையில் நம் பேரன் விரலால் செய்ததை நிதிக் கமிட்டிகள் பேனாவால் செய்தன.

பெயர்த்து வைப்பதன் முடிவை நம் குடும்பமே கண்டது. 1943-இல் ஜப்பானியர் பாட்டனாரைத் தோட்டத்திலிருந்து சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் நீளமான அப்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழர்களில் திரும்பாதவர் ஏராளம். பாட்டனாரும் திரும்பவில்லை. அவரோடு அவர் மடியில் முடிந்து வைத்திருந்த காகிதங்களும் போயின. அக்காகிதங்கள் பின்னால் எத்துணை வேண்டியவை ஆகும் என்பதை ஏழு வயதுச் சிறுமியாயிருந்த நம் தாயார் அப்போது அறிந்திருக்க நியாயமில்லை.

ஆனால் ஆட்டத்தை முழுதும் பழித்துவிட நமக்கு விருப்பமில்லை. ஓரிடத்தில் அது அந்நாள் முதலாளிகளைக் காட்டிலும் அறிவுடையதாக இருக்கிறது. குடியேறியவர்க்கு வீடு போதாவிட்டால், வசதிகள் குறைந்தால், கிரகத்தின் அமைதி எண் இறங்கும். அமைதி இறங்கினால் விளைச்சல் இறங்கும். மேலும் இறங்கினால் கலகம் மூளும். நம் பேரன் தொடக்கத்தில் சிக்கனம் பிடித்து, வசதிக் கட்டடங்களை விட்டுவிட்டுச் சுரங்கமாகவே கட்டினான். சிறிது நேரத்தில் சிவப்புக் குறிகள் தோன்றின. அவன் தலையில் அடித்துக்கொண்டு, "ஆட்களை ஒழுங்காக வைத்திருந்தால் இவ்வளவு நட்டம் வந்திருக்காது, தாத்தா" என்றான். ஒரு சிறுவன் ஒரு மணி நேரத்தில் கண்ட இவ்வுண்மையைக் கற்க இங்கே எத்தனை ஆண்டுகள் ஆயின!

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தை நினைவுகூர வேண்டும். ஆர். எச். நாதன் முதலியோர் நடத்திய கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் அதற்குத் துணை நின்றது. சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்குப் படிப்பு, கள்ளுக்கடை மூடுதல் ஆகியவை கேட்கப்பட்டன. அவற்றோடு இன்னொன்றும் கேட்டார்கள். துரை எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பது அது. நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார், படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளிகள் மாண்டனர்.

கூலியையும் வீட்டையும் ஆட்டத்தின் கணக்குக்குள் அடக்கலாம். சைக்கிளை அடக்க முடியாது. இறங்காமல் சைக்கிளில் போவதால் யாருக்கும் ஒரு காசு கூடுவதில்லை, குறைவதுமில்லை. ஆயினும் அதற்காக மனிதர் சிறைக்கும் சாவுக்கும் துணிந்தனர். திரையில் நிற்கும் சிறு உருவத்துக்கு வயிறு உண்டு, கூரை உண்டு, மகிழ்ச்சிக்கு ஓர் எண்ணும் உண்டு. மானத்துக்கு எண் கிடையாது. அதனை அளக்க எவராலும் இயலாது என்பதே உண்மை.

இனி அம்மாலையில் நம்மை நிறுத்திய இடத்துக்கு வருவோம். பேரனுடைய ஆட்சிக்குள் வேற்றினத்தார் சிலர் குடிபெயர்ந்து வந்தனர். உடனே அவன் ஒரு பட்டியலைத் திறந்தான். வந்த இனத்துக்கு எத்தகைய உரிமை கொடுப்பது என்று தேர்ந்தெடுக்கும் பட்டியல் அது. முழுக் குடியுரிமை, தங்கும் உரிமை, அடிமைநிலை எனப் படிகள் இருந்தன. அவன் சிறிதும் தயங்காமல் 'தங்கும் உரிமை' என்பதன்மேல் அமுக்கினான்.

"அதற்கு என்ன பொருள்?" என்றோம்.

"இங்கே இருக்கலாம், வேலை செய்யலாம், தாத்தா. ஆனால் முழு உரிமை இல்லை. புதிதாக வந்தவர்களுக்கு இது போதும்."

"இவர்களுக்கு இங்கே பிறக்கும் பிள்ளைகளுக்கு?"

அவன் திரையை உற்றுப் பார்த்தான். "இனத்துக்குத்தான் உரிமை, தாத்தா. எங்கே பிறந்தார்கள் என்று ஆட்டம் பார்க்காது" என்றான்.

நாம் எழுந்து உள்ளே போய் அலமாரியைத் திறந்து ஒரு கார்டைக் கொண்டுவந்து அவன் முன் வைத்தோம். அது அவனுடைய கொள்ளுப்பாட்டியின் அடையாளக் கார்டு. அதன் நிறம் சிவப்பு. நீலம் குடிமகனுக்கு, சிவப்பு தங்கும் உரிமை பெற்றவருக்கு என்பது இந்நாட்டில் எல்லாரும் அறிந்தது.

நம் தாயார் 1936-இல் அத்தோட்டத்து லயத்தில் பிறந்தார். அப்பிறப்பைப் பதிய வேண்டியவர்கள் பதியவில்லை. அதற்குச் சாட்சி சொல்லத்தக்க பாட்டனாரோ சயாமுக்குப் போய்விட்டார். 1957-இல் நாடு சுதந்திரம் பெற்றபோது குடியுரிமைக்கு மனுச் செய்ய வழி இருந்தது. அதைப் பற்றி லயத்தில் வந்து சொன்னவர் ஒருவருமில்லை. சொல்லியிருந்தாலும் ஒரு நாட்கூலியை விட்டுப் பட்டணத்துக்குப் போகத் தாயார் துணிந்திருப்பாரா என்பது ஐயமே. நாம் 1960-இல் அதே லயத்தில் பிறந்தோம். அக்காலச் சட்டப்படி பிறந்த மண்ணே நமக்குக் குடியுரிமை தந்தது. ஒரே கூரையின்கீழ் பிறந்த தாய்க்குச் சிவப்பு, மகனுக்கு நீலம்.

1968-இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்றது அது. பன்னிரண்டு வயதிலிருந்து தாம் பால் வெட்டிய மரத்தைத் தொடர்ந்து வெட்டுவதற்கு நம் தாயார் சீட்டு வாங்கினார். சீட்டுக் கிடைக்காதவரும், கிடைக்காதோ என்று அஞ்சியவரும் ஆயிரக்கணக்கில் கப்பலேறினர். நம் தாய்மாமன் ஒருவர் 'ரஜுலா' கப்பலில், தாம் அதுவரை கண்டிராத தமிழ்நாட்டுக் கிராமத்துக்குப் போனார். அங்கே அவரை 'மலேயாக்காரர்' என்று அழைத்தார்களாம். இங்கே அந்நியர், அங்கேயும் அந்நியர்.

தாயார் மும்முறை மனுச் செய்தார். ஒருமுறை பிறப்புக்குச் சான்று இல்லை என்றார்கள். ஒருமுறை மலாய்மொழித் தேர்வில் தவறினார். சந்தையில் மலாய்க்காரரோடு மணிக்கணக்கில் பேசக் கூடியவர், மேசைக்கு முன் உட்கார்ந்தவுடன் வாய் அடைத்துப் போனார். மூன்றாம் மனு பரிசீலனையில் உள்ளது என்ற கடிதத்தோடு நின்றது. 2003-இல் அவர் மறைந்தபோது தலையணைக்கு அடியில் அந்தக் கடிதமும் இந்தச் சிவப்புக் கார்டும் இருந்தன.

பேரன் கார்டை வெகுநேரம் பார்த்தான். பிறகு கணினிப் பக்கம் திரும்பி, "இப்போது மாற்ற முடியாது, தாத்தா. ஒருமுறை தேர்ந்தெடுத்தால் பத்து ஆண்டு காத்திருக்க வேண்டும்" என்றான். அவன் குரலில் குற்றம் செய்தவனின் சாயல் இருந்தது. ஆட்டத்தில் பத்து ஆண்டு ஓட அரைமணிக்கு மேல் ஆகவில்லை. அது ஓடி முடியும்வரை இருவரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். ஓடி முடிந்ததும் அவன் பட்டியலைத் திறந்து மாற்றினான். நம் தாயாருக்கு அறுபத்தேழு ஆண்டு போதவில்லை.

இவ்வளவு சொல்லும்போது நம் பக்கத்துக் குறையையும் மறைத்தல் ஆகாது. ஆட்டத்தில் சில கிரகங்களில் முன்னமே மக்கள் வாழ்வர். அவர்கள் விண்கலம் அறியாதவர். விரும்பினால் விலகிப் போகலாம், விரும்பினால் பிடித்துக்கொள்ளலாம். கிள்ளானுக்குத் தெற்கே கேரித் தீவு இருக்கிறது. ஒரு வெள்ளைக்காரத் தோட்டக்காரரின் பெயரைத் தாங்கியது. அங்கே மா மெரி என்னும் ஆதிகுடிகள் தோட்டத்துக்கு முன்னிருந்தே வாழ்கிறவர்கள். காட்டை அழித்துக் கித்தா நட்டபோது அழிந்தது அவர்களுடைய காடு. திட்டம் நம்முடையதன்று, கோடரி நம் கையில் இருந்தது. கொண்டுவந்து இறக்கப்பட்டவர் என்பதால் நாம் இறங்கிய இடம் வெற்றிடம் ஆகிவிடாது. நியாயம் கேட்பவர் நியாயத்தை முழுதாகக் கேட்க வேண்டும்.

அன்றிரவு உறங்கப் போகுமுன் பேரன் ஒரு கேள்வி கேட்டான். "தாத்தா, இந்த ஆட்டத்தில் நாம் யார்? ஆடுகிறவரா, அந்தச் சிறு உருவங்களா?" நல்ல கேள்வி. நாம் உடனே விடை சொல்லவில்லை. மறுநாள் காலையில் அவனை அழைத்துக்கொண்டு துன் சம்பந்தன் சாலையில் நடந்தோம்.

பூக்கடைகளும் துணிக்கடைகளும் நிறைந்த இச்சாலைக்கு அப்பெயர் ஏன் வந்தது என்று இங்கே நடப்பவர்களில் பலர் எண்ணுவதில்லை. 1950களின் பிற்பகுதியில் வெள்ளையர் தம் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். வாங்கியவர்கள் துண்டுபோட்டு விற்றனர். லயத்தில் இருந்தவர்களுக்கு வேலையும் வீடும் ஒரே நாளில் போயின. அப்போது வீ. தி. சம்பந்தன் தோட்டந்தோட்டமாகச் சென்று, மாதம் 10 வெள்ளி வீதம் 100 வெள்ளி சேர்த்து ஒரு பங்கு வாங்குங்கள், தோட்டத்தை நாமே வாங்குவோம் என்றார். 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று. அடுத்த ஆண்டு கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் தொழிலாளர் பணத்தில் வாங்கப்பட்டது. எல்லாத் தோட்டத்தையும் அது காப்பாற்றவில்லை. காப்பாற்றக்கூடிய நிலையிலும் இல்லை. நாம் பிறந்த தோட்டமும் பின்னாளில் வீடமைப்புத் திட்டமாகிவிட்டது. எனினும் நடந்தது என்ன என்பதைக் கவனியுங்கள். செக்ரோலில் கோடாக இருந்தவன் பங்குப் புத்தகத்தில் பெயரானான்.

நாம் ஆடிப்பார்த்த ஆட்டங்களில் இல்லாத விதி இதுவே. அங்கே சிறு உருவம் மகிழலாம், முணுமுணுக்கலாம், கலகமும் செய்யலாம். ஆனால் அது ஒரு நாளும் மேசையைச் சுற்றிவந்து ஆடுபவன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காராது. நம் மக்கள் உட்கார்ந்தார்கள். 1941-இல் சைக்கிளிலிருந்து இறங்க மாட்டோம் என்றவரும், 1960-இல் பத்து வெள்ளியை எண்ணிக் கொடுத்தவரும் அந்நாற்காலியை இழுத்துப் போட்டவர்கள். "நாம் உருவங்களாகக் கொண்டுவரப்பட்டோம், அப்பா. ஆடுகிறவர் ஆவதற்கு இன்னும் பாடுபட்டுக்கொண்டிருக்கிறோம்" என்று பேரனிடம் சொன்னோம். அவன் சாலைப் பெயர்ப் பலகையை நிமிர்ந்து பார்த்தான்.

வாசக நேயர்களே, பிள்ளைகள் இத்தகைய ஆட்டங்களை ஆடுவதைத் தடுக்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. தடுத்தால் நிற்கவும் போவதில்லை. பக்கத்தில் உட்காருங்கள். கப்பல் ஏன் திரும்பவில்லை என்று கேளுங்கள். சதுப்பை வெட்டியவர் யார் என்று கேளுங்கள். நீங்கள் சொல்லத் தவறினால், உலகம் என்பது மேலிருந்து பார்த்து ஆட்களை நகர்த்துவதற்குரிய பலகை என்றே அப்பிள்ளை கற்றுக்கொள்ளும்.

இன்னொன்றும் செய்யுங்கள். இன்றிரவே வீட்டு அலமாரியைத் திறந்து காகிதங்களைப் பாருங்கள். பாட்டியின் கார்டு என்ன நிறம், பேத்தியின் பிறப்புச் சான்று இருக்கிறதா, அதில் பெயர் பிழையின்றி உள்ளதா என்று பாருங்கள். திருமணத்தைப் பதியாமல் தள்ளிப் போட்டவர் பதியுங்கள். பிறப்பைக் காலத்தில் பதியாமல் விட்டதால் பள்ளிக்கூட வாசலில் தடுமாறும் பிள்ளைகள் நம்மிடையே இன்றும் உண்டு. அக்கம்பக்கத்தில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் பெற்றோருக்குத் துணையாக அலுவலகத்துக்கு ஒரு நாள் போய்வாருங்கள். நம் தாயாருக்கு அப்படித் துணைபோக 1957-இல் ஒருவர் இருந்திருந்தால் இக்கட்டுரையை எழுத வேண்டியிருந்திராது.

பேரன் விடுமுறை முடிந்து கிள்ளானுக்குத் திரும்பும்போது ஒரு பயிற்சிப் புத்தகம் கேட்டு வாங்கினான். அதில் பாட்டனார் பெயர், அவர் ஊர், கப்பலேறிய ஆண்டு, தோட்டம், தாயார் பிறந்த ஆண்டு, மறைந்த ஆண்டு என வரிசையாக எழுதிக்கொண்டான். பாட்டனார் மறைந்த நாள் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டான். சயாம், 1943 என்று எழுதச் சொன்னோம். எழுதினான். நம் குடும்பத்தைப் பற்றி நம் கையாலேயே எழுதப்பட்ட முதல் செக்ரோல் அதுதான்.